சட்டைப் பாக்கெட் சைஸ்ல லென்ஸ் மாத்துற கேமரா: தினசரி போட்டோவுக்கு சரிப்படுமா?

தாம்பரம்_லோக்கல்

எல்லாருக்கும் வணக்கம். தினமும் தாம்பரத்துலேர்ந்து பீச் ஸ்டேஷன் வரைக்கும் லோக்கல் ட்ரெயின்ல போய்ட்டு வர்ற ஆளு நான், ஆஃபீஸ் பாரிஸ் கார்னர் பக்கம். காலைல கிழக்குப் பக்க ஜன்னல் வழியா வர்ற வெயில், எதிர் சீட்ல பேப்பர் படிக்கிறவர் மூஞ்சில கம்பி கம்பியா நிழலோட விழும் பாருங்க, அதை எடுக்கணும்னு ரொம்ப நாளா ஆசை. அப்புறம் பூக்கடை பக்கம் மூட்டை தூக்குறவங்க, டீக்கடை, சாயங்காலம் திரும்பும்போது பிளாட்ஃபார்ம்ல நிக்கிற கூட்டம், இவ்ளோதான் நான் எடுக்க நினைக்கிறது.

வீட்ல ஒரு டிஎஸ்எல்ஆர் இருக்கு, 18-55 கிட் லென்ஸோட. அதை பீக் அவர் ட்ரெயின்ல வெளிய எடுத்தாலே பெட்டி முழுக்க நம்மளத்தான் பாக்குது, பேப்பர் படிக்கிறவர் பேப்பரை மடிச்சு வச்சுட்டு நிமிர்ந்து உக்காந்துடுறாரு. போன்ல எடுத்துப் பாத்தேன், படம் நல்லாத்தான் வருது ஆனா அந்த நிழலையெல்லாம் அதுவே தூக்கி வெளிச்சமாக்கிடுது, மூஞ்சியை வழவழன்னு ஆக்கிடுது, எனக்குப் பிடிக்கல.

இப்ப ஒருத்தர் பானாசோனிக் ஜிஎம்1 கேமராவை, 12-32 எம்எம் ஜூம் லென்ஸோட விக்கிறாரு. 2013ல வந்த மாடல். கைல வாங்கிப் பாத்தேன், இவ்ளோ சின்னதுல லென்ஸ் கழட்டி மாட்டலாம்ங்கறதே நம்ப முடியல. என் கேள்வி என்னன்னா இவ்ளோ பழைய, இவ்ளோ குட்டி கேமராவை தினமும் வச்சு ஓட்ட முடியுமா, இல்ல பாக்க அழகா இருக்குன்னு வாங்கிட்டு ஒரு மாசத்துல அலமாரில வைக்கிற கேஸா? யூஸ் பண்றவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

பாக்கெட்_லென்ஸ்

ப்ரோ, நான் ஜிஎம்1 பல வருஷமா வச்சிருக்கேன், இன்னிக்கும் வெளிய போனா அதுதான் கூட வரும். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல சைஸ். அகலம் 98.5 எம்எம், உயரம் 54.9 எம்எம், பாட்டரி கார்டு எல்லாம் சேத்து பாடி 204 கிராம்தான். 12-32 லென்ஸ் வெறும் 70 கிராம். ஆனா உள்ள இருக்கிற சென்சார், அதாவது படத்தைப் பிடிக்கிற சிப், அந்தக் காலத்து பெரிய மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் (லென்ஸ் மாத்துற கேமராவுல ஒரு வகை) பாடில இருந்த அதே சைஸ், 17.3க்கு 13 எம்எம், 16 மெகாபிக்சல். நீங்க சொல்ற போன்ல பெரிய சென்சார்னு விளம்பரம் பண்றாங்களே 1/1.3 இன்ச், அதை விட பரப்பளவுல ஏறக்குறைய மூணு மடங்கு. போன் பல ஃபிரேம் எடுத்து ஒண்ணாக்கி அந்தக் குறையை மறைச்சுடுது, அது நல்ல வித்தைதான், ஆனா நீங்க குறை சொல்ற நிழல் தூக்குற வேலையும் அங்கதான் நடக்குது. ஜிஎம்1ல ரா ஃபைல், அதாவது கேமரா கை வைக்காத மூலப் பதிவு, எடுத்தா நிழல் நிழலாவே இருக்கும், எவ்ளோ இருட்டா விடணும்னு நீங்க முடிவு பண்ணலாம். உங்களுக்கு அந்த ஜன்னல் கம்பி வெளிச்சம்தான் வேணும்னா எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைச்சு, அதாவது உள்ள வர்ற வெளிச்சத்தைப் பாதியாக்கி, வெயில் விழுற கன்னத்துக்கு அளவு வச்சு எடுங்க, மத்ததெல்லாம் கறுப்பா போகட்டும்.

சின்ன கேமரான்னா மட்டம்னு நினைக்கிற பழக்கம் புதுசு இல்ல. 1925ல லைகா வந்தப்பவும் சினிமா ஃபிலிம் சைஸ்ல நெகட்டிவ் எடுத்தா எதுக்கு ஆகும்னுதான் கேட்டாங்க. அதை டிசைன் பண்ண ஆஸ்கர் பார்னாக்குக்கு ஆஸ்துமா, கனமான பிளேட் கேமராவைத் தூக்கிட்டு நடக்க முடியல, அதுலேர்ந்துதான் சின்ன நெகட்டிவ் பெரிய படம்ங்கற யோசனையே வந்துச்சுன்னு சொல்லுவாங்க. அப்புறம் தெருப் படம்னு நாம இன்னிக்கு சொல்றது பெருசா வளந்தது அந்த மாதிரி சின்னக் கேமராலதான்.

இப்ப தெரிஞ்சு வாங்க வேண்டிய குறைங்க. இதுல மெக்கானிக்கல் ஷட்டர் 1/500 செகண்ட் வரைக்கும்தான், அதுக்கு மேல போனா எலக்ட்ரானிக் ஷட்டருக்குப் போய்டும், 1/16000 வரைக்கும் போகும். எலக்ட்ரானிக்ல சென்சாரை மேலேர்ந்து கீழ வரி வரியா படிக்கும், அதனால ஓடுற ட்ரெயின்லேர்ந்து எடுத்தீங்கன்னா கரண்ட் கம்பமெல்லாம் சாஞ்சு நிக்கும். டியூப்லைட்ல, எல்இடில எடுத்தா படத்துல பட்டை பட்டையா கோடு வரும். ஷட்டரை 1/500க்குள்ள வச்சுக்கிட்டா இந்தத் தொல்லை இல்ல. உச்சி வெயில்ல என்ன பண்றதுன்னா ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கு சென்சார் காட்டுற உணர்திறன்) 125 வச்சு, எஃப் 8ல (லென்ஸ் துவாரத்தோட அளவு, எண் கூடுனா துவாரம் சின்னது) சரியா 1/500 வரும், கணக்கு ஒத்துப்போகும். 125ங்கறது சென்சாரோட இயல்பான அளவுக்குக் கீழ நீட்டிச்சுக் குடுத்த ஐஎஸ்ஓ, வெள்ளைச் சட்டை கொஞ்சம் சீக்கிரமே வெளுத்துப்போகும், அது மட்டும் கவனம். நைட்டு கடை வெளிச்சத்துல 1/50 இல்லன்னா 1/100ல நில்லுங்க, நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், லைட்டு செகண்டுக்கு 100 தடவை துடிக்குது, அதோட ஒத்துப்போற ஸ்பீடு இதுதான்.

பாடில கை நடுக்கத்தை சமாளிக்கிற ஸ்டெபிலைசேஷன் கிடையாது, 12-32 லென்ஸ்ல இருக்கு. கண்ணை வச்சுப் பாக்குற வியூஃபைண்டர் கிடையாது. பாட்டரி கம்பெனி கணக்குப்படியே 230 படம்தான், யூஎஸ்பில சார்ஜ் ஆகாது, தனி சார்ஜர்ல போடணும். எக்ஸ்ட்ரா பாட்டரி ஒண்ணு பைல இருந்தே ஆகணும்.

இவ்ளோ சொல்லியும் நான் வாங்குங்கன்னுதான் சொல்லுவேன். ஸ்க்ரீனைத் தொட்டா அந்த இடத்துல ஃபோகஸ் ஆகி படமும் எடுத்துடும், கேமராவை மடியில வச்சுக்கிட்டே குனிஞ்சு பாத்து எடுக்கலாம். பெட்டில யாரும் திரும்பிக் கூட பாக்க மாட்டாங்க.

---

கோவை_ஷட்டர்

மேல சொன்னவரு நல்லா வெவரமா சொல்லீட்டாருங்க, ஆனா நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுறேன்.

எனக்குக் கை பெருசுங்க. ஜிஎம்1 பின்னாடி இருக்கிற சுத்துற டயலு இருக்கே, சுத்தப் போனா அமுங்கிரும், அமுக்கப் போனா சுத்திரும். அபர்ச்சர் (லென்ஸ் துவாரம்) மாத்தலாம்னு கட்டை விரல வச்சா டிரைவ் மோடு மெனு வந்து நிக்கும், அதுக்குள்ள ஆளு போயிருவாரு. சின்னதா இருக்குங்கறது ஒரு எல்லை வரைக்கும்தானுங்க நல்லது, கை பிடிக்க எடம் வேணும்ல. கிரிப் வாங்கி மாட்டுனா சரியாப் போயிரும்பாங்க, கிரிப் மாட்டுனா அப்புறம் எங்கீங்க பாக்கெட்ல போறது.

இன்னொண்ணு, நடு வெயில்ல ஸ்க்ரீன் சுத்தமா தெரியாதுங்க. அதுக்காகவே 2014ல ஜிஎம்5 விட்டாங்க, குட்டி வியூஃபைண்டரும் பின்னாடி கட்டை விரலுக்கு ஒரு தனி டயலும் வச்சு. நெசமாலுமே நல்ல கேமரா. ஆனா அந்த மாதிரி அப்புறம் யாரும் செய்யாததால பழசுக்கே இப்ப கிராக்கி ஆகி வெல ஏறிக் கெடக்கு.

அதனால என் யோசன என்னன்னா, பாக்கெட்டேதான் வேணும்ங்கற அவசியம் இல்லீன்னா ஒரு படி பெருசா பாருங்க. பானாசோனிக் ஜிஎக்ஸ்850ன்னு 2017ல வந்துச்சு, ஸ்க்ரீனை மேல மடக்கலாம், யூஎஸ்பில சார்ஜ் ஆகும், அதே 12-32 லென்ஸோடதான் வரும், எடை 270 கிராம் பக்கம். மைக்ரோ எஸ்டி கார்டு போடணும்ங்கறது ஒண்ணுதான் சங்கடம். இல்லீன்னா ஒலிம்பஸ் இ-பிஎம்2, 2012 மாடலு, பாடிலயே ஸ்டெபிலைசேஷன் இருக்குது, எந்த லென்ஸ் மாட்டுனாலும் கை நடுக்கத்துக்கு உதவும். ஆபீஸ் பையில வச்சுட்டுப் போறவருக்கு அந்த அறுபது எழுபது கிராம் ஒரு பாரமாங்க?

---

தாம்பரம்_லோக்கல்

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. கோவை அண்ணா சொல்றது யோசிக்க வைக்குது, ஆனா எனக்கு பைக்குள்ள போனா கேமரா வெளிய வராது, பீக் அவர்ல பையை முன்னாடி மாட்டிக்கிட்டு ஒரு கை மேல கம்பில இருக்கும், ஜிப் திறக்கவே இடம் இருக்காது. சட்டைப் பாக்கெட் இல்ல பேண்ட் பாக்கெட், அதுலேர்ந்து ஒரே கையால எடுக்கணும்.

இன்னொரு சந்தேகம். 12-32 எஃப் 3.5லேர்ந்து 5.6ன்னு போட்டிருக்கு. சாயங்காலத்துக்கு அது பத்துமா, இல்ல வேற லென்ஸ் வேணுமா? பென்டாக்ஸ் க்யூன்னு ஒண்ணு இன்னும் சின்னதுன்னு ஒரு ஃபிரெண்ட் சொன்னான், அது எப்படி?

---

வைகைக்கரை

தம்பி, லென்ஸ் கேள்விக்கு நான் சொல்றேன். நான் மதுரை, வீட்டுக்குள்ளயும் தெருவுலயும்தான் முக்கால்வாசி எடுக்கிறது, ஜிஎம்5 வச்சிருக்கேன்.

பென்டாக்ஸ் க்யூ 2011ல வந்தது, மெக்னீசியம் பாடி, கைல பிடிச்சா நகை மாதிரி இருக்கும். ஆனா சென்சார் 1/2.3 இன்ச்தான், அந்தக் கால பாக்கெட் கேமராவுல இருக்கிற அளவு. க்யூ7ல 1/1.7 ஆக்குனாங்க. வெயில்ல ரசிச்சு எடுக்கலாம், நீங்க கேக்குற சாயங்கால பிளாட்ஃபார்முக்கு அது ஆகாது. அதுவும் போக அந்த மவுண்ட்டையே (லென்ஸ் மாட்டுற அமைப்பு) நிப்பாட்டிட்டாங்க, நிக்கான் 1ங்கற குட்டி கேமரா வரிசையும் 2018ல போச்சு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 2008ல ரெண்டு கம்பெனி சேந்து ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் புது லென்ஸ் கிடைக்குது. குட்டி பாடி நின்னு போனாலும் லென்ஸ் வீணாப் போகாது, நாளைக்கு பெரிய பாடில மாட்டிக்கலாம். இது எனக்குப் பெரிய நிம்மதி.

இப்ப லென்ஸ். குட்டி பாடி வாங்கிட்டு அதுல முழ நீளத்துக்கு ஜூம் மாட்டுறவங்களைப் பாத்தா எனக்கு வருத்தமா இருக்கும், கேமரா சின்னதாகுறதே லென்ஸ்ல தான் இருக்கு. நான் பரிந்துரைக்கிறது மூணே மூணு. பானாசோனிக் 14 எம்எம் எஃப் 2.5, 55 கிராம், மாட்டுனதே தெரியாது, பாக்கெட்ல வைக்க இதை விட நல்லது இல்ல. பானாசோனிக் 20 எம்எம் எஃப் 1.7, படம் ரொம்ப அழகா வரும், ஆனா ஃபோகஸ் மெதுவா முன்ன பின்ன போய்த்தான் நிக்கும், நடமாடுற ஆளுக்கு எரிச்சலா இருக்கும். அப்புறம் ஒலிம்பஸ் 17 எம்எம் எஃப் 1.8, 120 கிராம், கொஞ்சம் வெளிய துருத்திக்கிட்டு இருக்கும், பாக்கெட்ல அடக்கம் இல்ல, ஆனாலும் உங்க வேலைக்கு இதுதான்.

ஏன்னு சொல்றேன். 17 எம்எம்ல ஃபோகஸ் ரிங்கைப் பின்னாடி இழுத்தா டக்குன்னு மேனுவலுக்கு மாறிடும், மீட்டர் கணக்கு ரிங்லயே எழுதியிருக்கும். எஃப் 5.6 வச்சு ரெண்டரை மீட்டர்ல நிறுத்துனா ஒன்றரை மீட்டர்லேர்ந்து ஒன்பது மீட்டர் வரைக்கும் எல்லாம் தெளிவா விழும். எஃப் 8க்குப் போனா ஒண்ணேகால் மீட்டர்லேர்ந்து தூரம் முழுக்க. அப்புறம் கேமரா ஃபோகஸ் தேடவே தேவையில்ல, பட்டனை அமுக்குன நொடியே படம். எங்க தெரு டீக்கடை மாஸ்டரை நான் இப்படித்தான் எடுத்தேன். அவரு ஆத்தும்போது டீ ஒரு கை நீளத்துக்கு வரும், 1/60ல எடுத்தா அது பட்டு நூல் மாதிரி ஒரே வழவழப்பா விழுது, 1/500ல எடுத்தா நடுவுல அறுந்து முத்து முத்தா பிரிஞ்சு, கீழ டம்ளர் விளிம்புல நுரை தெறிக்கிறது வரைக்கும் தெரியுது. ரெண்டுமே நல்லா இருக்கும், ஆனா ரெண்டாவதுல அவரோட கண்ணு டீ மேல இருக்கிறதும் தெளிவா விழுந்துடுச்சு, எனக்கு அதுதான் பிடிச்சது. ஆட்டோ ஃபோகஸ்ல விட்டிருந்தா ஆவியையும் டீயையும் மாறி மாறிப் பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கும்.

இன்னொரு விஷயம் யாரும் சொல்லல. சின்ன கேமரான்னா ஒளிச்சு எடுக்கிறதுன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க தம்பி. எங்க தெருப் பொம்பளைங்க பெரிய கேமராவைப் பாத்தா முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு விறைப்பா நிப்பாங்க, எங்கிட்ட இருக்கிறதைப் பாத்தா "இதென்னக்கா பொம்மை மாதிரி இருக்கு"ன்னு வாங்கிப் பாப்பாங்க, அப்புறம் அவங்க பாட்டுக்கு வேலையைப் பாப்பாங்க. நான் எடுத்ததைக் காட்டுவேன், வேணாம்னா அவங்க முன்னாடியே அழிச்சுடுவேன். ட்ரெயின்லயும் அப்படியே செய்ங்க, முக்கியமா லேடீஸ் விஷயத்துல கேட்டுட்டு எடுங்க.

---

காசிமேடு_காத்து

லென்ஸ் வாங்குறது எல்லாரும் சொல்லிட்டாங்க, அதைக் காப்பாத்துறதைப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா சென்னைல கேமரா கெடுறது யூஸ் பண்றதால இல்ல, ஈரக்காத்துல சும்மா வைக்கிறதால. லென்ஸ் ஃபங்கஸ் ஒரு தடவை உள்ள வேர் விட்டுச்சுன்னா கண்ணாடி மேல இருக்கிற கோட்டிங்கையே அரிச்சுடும், கழட்டித் தொடைச்சாலும் தடம் நிக்கும், பான்கேக் மாதிரி குட்டி லென்ஸைக் கழட்டி சுத்தம் பண்ற செலவுக்கு இன்னொண்ணு வாங்கிடலாம்.

காத்து போகாத பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு, உள்ள நீல கலர் சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர். நாப்பதுலேர்ந்து அம்பது சதவீதத்துக்குள்ள முள்ளு நிக்கணும், அறுபதைத் தாண்டிப் போய்க்கிட்டே இருந்தா ஃபங்கஸுக்குக் கொண்டாட்டம். ஜெல் பிங்க் ஆகிட்டா வாணலில லேசா சூடு காட்டுனா திரும்ப நீலமாகும், அந்த வாணலியை சமையலுக்கு எடுக்காதீங்க. லெதர் கேஸ்ல போட்டு வைக்கவே வைக்காதீங்க, லெதர் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும்.

அடுத்தது உங்க மாதிரி ஏசி ஆஃபீஸ்ல வேலை பாக்குறவங்களுக்கு. சாயங்காலம் ஜில்லுன்னு இருக்கிற கேமராவை வெளிய எடுத்தீங்கன்னா லென்ஸ் முழுக்க வேர்த்துடும், கர்சீப்பால தொடைச்சா மறுபடி வேர்க்கும், உள்பக்கமும் ஈரம் பிடிக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி ஜிப்லாக் கவர்ல போட்டு மூடி பாக்கெட்ல வச்சுக்குங்க, ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போறதுக்குள்ள வெளிச் சூட்டுக்கு வந்துடும், அப்புறம் கவரை எடுங்க. அதே மாதிரி ட்ரெயின்ல போய்க்கிட்டே லென்ஸ் மாத்தாதீங்க, தூசி நேரா சென்சார்ல உக்காரும். காலைல ஒரு லென்ஸ் மாட்டுனா அன்னிக்கு முழுக்க அதேதான்னு வச்சுக்குங்க.

தினமும் கையில இருக்கிற கேமராவுக்கு ஃபங்கஸ் சீக்கிரம் வராது, அதுவும் ஒரு நல்ல விஷயம்.

---

சிராங்கூன்_வாசி

செகண்ட் ஹேண்ட் வாங்குறதைப் பத்தி ரெண்டு வார்த்தை. நான் சிங்கப்பூர்ல இருக்கேன், இங்க பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல பழைய கேமரா கடைங்க வரிசையா இருக்கு, அங்க நின்னு வாங்கிப் பழகுனதுல சொல்றேன்.

மொதல்ல மெனு மொழியைப் பாருங்க. ஜப்பான் மார்க்கெட்டுக்குன்னு வந்த பானாசோனிக்ல ஜப்பானிய மொழி மட்டும்தான் இருக்கும், மாத்தவே முடியாது, அதைத் தெரியாம வாங்கிட்டு மெனுவைப் படம் பிடிச்சு மொழிபெயர்த்துக்கிட்டு திரியுறவங்க நெறைய.

அப்புறம் மேல இருக்கிற மோட் டயலு, அதுக்குப் பக்கத்துல ஃபோகஸ் மோட் மாத்துற வளையம், பின்னாடி டயலு, மூணையும் நல்லா சுத்திப் பாருங்க, தடங்கல் இல்லாம ஓடணும். ஃப்ளாஷை எழுப்பி ஒரு படம் எடுங்க. பாட்டரியை வெளிய எடுத்து டேபிள்ல வச்சுப் பாருங்க, உப்பியிருந்தா ஆடும். சென்சாருக்கு வெள்ளைச் சுவரை எஃப் 16ல வச்சு எடுத்து ஜூம் பண்ணுங்க, தூசி இருந்தா கரும்புள்ளியா தெரியும். அதை விட முக்கியம் லென்ஸ், போன் டார்ச்சை ஒரு பக்கம் அடிச்சு இன்னொரு பக்கம் வழியா சாய்ச்சுப் பாருங்க, மேல காசிமேடு அண்ணே சொன்ன ஃபங்கஸ் இருந்தா ஓரத்துல சிலந்தி வலை மாதிரி நூல் நூலா தெரியும். 12-32ல ஃபோகஸ் ரிங்கே கிடையாது, அது உடைஞ்சு போன லென்ஸ்னு பயந்துடாதீங்க, அதோட அமைப்பே அப்படித்தான். ஆனா ஜூமைத் திருகி வெளிய இழுக்கும்போது முன்பக்கம் ஆடக் கூடாது.

---

பாக்கெட்_லென்ஸ்

வைகைக்கரை அக்கா சொன்ன 17 எம்எம் எனக்கும் பிடிச்ச லென்ஸ்தான், ஆனா தம்பி சட்டைப் பாக்கெட்னு சொன்னதால நான் 14 எம்எம் பக்கம் நிப்பேன். 12-32ஐ விட அகலமான முனைல ஒரு ஸ்டாப் வெளிச்சம் கூடுதல், அதுவே பிளாட்ஃபார்ம் டியூப்லைட்டுக்கு ஐஎஸ்ஓ 1600ல 1/50, 1/100னு எடுக்கத் தைரியம் குடுக்கும். 1600 வரைக்கும் இந்த சென்சார் நல்லாவே தாங்கும், 3200ல புள்ளி புள்ளியா கிரெயின் தெரியும், கறுப்பு வெள்ளைக்கு மாத்துனா அதுவும் அழகுதான். மொதல்ல கிட் லென்ஸ்ல ஓட்டுங்க, எந்த எம்எம்ல அதிகமா எடுக்கிறீங்கன்னு படத்தோட தகவல்லயே தெரிஞ்சுடும், 14 பக்கம் இருந்தா 14 வாங்குங்க, இருபது தாண்டி இருந்தா அக்கா சொன்னது.

கோவை அண்ணனுக்கு, டயல் விஷயம் உண்மைதான். நான் அதைத் தொடுறதே இல்ல. அபர்ச்சர் மோட்ல எஃப் 5.6 ஒரு கஸ்டம், நைட்டுக்கு லென்ஸ் முழுசா தொறந்து 1/50 ஒரு கஸ்டம்னு சேவ் பண்ணி வச்சிருக்கேன், மேல இருக்கிற டயலை சி1, சி2ன்னு திருப்புனா முடிஞ்சது வேலை.

---

தாம்பரம்_லோக்கல்

இவ்ளோ பேர் நேரம் ஒதுக்கி எழுதுனதுக்கு மனசார நன்றி. கேமராக்காரர்கிட்ட பேசிட்டேன், சனிக்கிழமை போய் சிராங்கூன் அண்ணன் சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம செக் பண்ணப் போறேன். மெனு இங்கிலீஷ்தான்னு போன்ல சொல்லிட்டாரு. டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இன்னிக்கே வாங்கியாச்சு.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. கைல கட்டுற ஸ்ட்ராப் போதுமா, கழுத்துல மாட்டுறது வேணுமா? படிக்கட்டுப் பக்கம் கூட்டம் தள்ளும்போது விழுந்துடுமோன்னு பயமா இருக்கு.

---

வைகைக்கரை

மணிக்கட்டு ஸ்ட்ராப் போதும் தம்பி, ரெண்டு பக்க வளையத்துல வலது பக்கம் மட்டும் கட்டுங்க, கழுத்துல மாட்டுனா கூட்டத்துல யாரோட பையிலாவது சிக்கும். இறுக்குற வளையம் வச்ச நூல் ஸ்ட்ராப்பா பாத்து வாங்குங்க. படிக்கட்டுல நின்னு மட்டும் எடுக்காதீங்க, உள்ள வந்து உக்காந்து எடுங்க.